எழுந்துகொள்ள விடுகிற வேலை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் பாபநாசம் பக்கத்துக் கிராமத்துப் பெண். வயது 31, பி.காம். முடித்தவர். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சேலைப் பிரிவில் இருந்திருக்கிறார். இரண்டு வருஷமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி அலுப்பு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க வலியும் அலுப்பும் நீடிக்கிற நோய்) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது. கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார், சீசனில் மட்டும்தான் வருமானம். மகள் இரண்டாம் வகுப்பு. “உட்கார்ந்து பார்க்கிற மாதிரி லேசான வேலை ஏதாவது சொல்லுங்கள் அக்கா. தீபாவளிக்குக் கடையில் மறுபடியும் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்கு முடக்குவாதம். 33 வயதில் விரல் மூட்டுகளில் ஆரம்பித்தது, இப்போது 51. உங்கள் நோயும் என் நோயும் வேறு. என்னுடையது மூட்டையே அரிக்கும், உங்களுடையது அப்படிச் செய்யாது. ஆனால் வலியோடு ஒரு வேலையில் நிலைப்பது என்ற சங்கடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நான் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலை, அப்புறம் ஒரு மொத்தக் கடையில் கல்லா, இரண்டையும் விட்டுவிட்டு இப்போது வீட்டிலிருந்தே ஐந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். இந்தப் பதினெட்டு வருஷத்தில் என்னிடம் இதே கேள்வியோடு வந்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் “லேசான வேலை” என்ற வார்த்தையை எடுத்து ஓரமாக வையுங்கள். அதை நம்பித்தான் நான் இரண்டு வருஷத்தைத் தொலைத்தேன். கல்லாவில் உட்கார்வதைவிட லேசான வேலை உண்டா என்று எல்லோரும் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, தூக்குவது இறக்குவது கிடையாது. ஆனால் கல்லாவில் பணம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுந்து நாலு எட்டு நடக்க முடியாது. பாத்ரூம் போவதற்கே ஆள் மாற்றிவிட வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து மதியம் வரை ஒரே இருப்பு. முட்டி இறுகிப்போய், சாப்பாட்டு நேரத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுவேன். முதலாளி நல்ல மனிதர்தான். வேலைதான் அப்படி.

இதற்கு நேர் எதிராக, திருபுவனத்தில் பட்டு நெய்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. தறி லேசான வேலையா? குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டே, கையும் கண்ணும் ஓயாமல் ஓட வேண்டும். ஆனால் அவர் அரை மணி நெய்வார், இறங்குவார், உலையை வைப்பார், திண்ணையில் பத்து நிமிஷம் படுப்பார், மறுபடி தறிக்குப் போவார். மற்றவர்கள் முடிக்கிற சேலையை இவர் ஐந்தாறு நாள் கூடுதலாக எடுத்து முடிப்பார். கூலி குறையும், ஆனால் பதினோரு வருஷமாக விடாமல் நெய்கிறார். நான் லேசான வேலையை இரண்டு வருஷத்தில் விட்டேன். எழுந்துகொள்வதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நான் கேட்க வேண்டியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். (அவரே இன்னொன்றும் சொல்வார்: முதலாளியிடம் பெரிய முன்பணம் வாங்கிவிட்டால் இந்தச் சுதந்திரம் போய்விடும். கடன் இருக்கும்போது தறியை விட்டு இறங்க மனசு வராது.)

அதனால் வேலையின் பெயரைப் பார்க்காதீர்கள். எந்த வேலை வந்தாலும் நாலு விஷயம் விசாரியுங்கள்: ஒரே நிலையில் எவ்வளவு நேரம், நடுவில் எழுவதை யார் முடிவு செய்கிறார்கள், ஒருநாள் முடியவில்லை என்றால் அந்த வேலை மறுநாளுக்குத் தள்ளுமா, போய்வர எவ்வளவு நேரம். சம்பளத்தை ஐந்தாவதாகக் கேளுங்கள். கேட்பதற்கு அநியாயமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதத்தில் விட்டுவிடப் போகிற பன்னிரண்டாயிரத்தைவிட மூன்று வருஷம் வரப்போகிற ஐயாயிரம் பெரிய தொகை.

வேலை தேடுவதற்கு முன்னால் மூன்று வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். என்ன செய்தேன், எத்தனை நிமிஷம், அன்று ராத்திரி எப்படி இருந்தது, மறுநாள் காலை எப்படி இருந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். உங்கள் மாதிரி வலியில் அன்றைய வேலைக்கான பில் அன்றே வராது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும். நடவுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் நாள் பாட்டும் பேச்சுமாகப் போகும், இரண்டாம் நாள் காலையில்தான் இடுப்பு பேசும். ஆனால் அவர்களுக்கு நாலு நாளில் பழகிவிடும், உங்களுக்கு அப்படிப் பழகாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்துவிட்ட வலியில், நரம்பு மண்டலமே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி ஆகிவிடுவதுண்டு. சதையிலோ எலும்பிலோ புதிதாக எதுவும் கெடாமலே வலி கூடும். “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உனக்கு என்ன வலி?” என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும் பாதிப் பேருக்குப் புரியாது. அதை விடுங்கள்.

நோட்டிலிருந்து ஒரு கணக்குப் போடலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுவது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாளில் 50 நிமிஷம், மோசமான நாளில் 20, சாதாரண நாளில் 35 தாங்கியது. சராசரி 35. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 28. இதுதான் உங்கள் அளவு. 28 நிமிஷம் ஆனதும் போனில் மணி அடிக்க வேண்டும். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் எழ வேண்டும். வலி வந்த பிறகு எழுவது, வெள்ளம் வந்த பிறகு கரையை அடைப்பது மாதிரி. நல்ல நாளில்தான் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். உடம்பு கொஞ்சம் இலேசாக இருக்கிற நாளில் ஒரு வாரத்து வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த நாலு நாள் பாயில் கிடப்போம். இந்தப் பழக்கம் போனால்தான் எந்த வேலையும் தங்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 28-ஐ 31 ஆக்கிப் பாருங்கள், மெதுவாக ஏறும்.

நோட்டில் வீட்டு வேலையையும் எழுதுங்கள். இதைப் பெண்கள் எழுதவே மாட்டார்கள், வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விடியற்காலை குனிந்து வாசல் தெளித்துக் கோலம், தண்ணீர் பிடிப்பது, சமையல், குழந்தைக்கு டிபன் கட்டுவது, துணி. பஸ் ஏறுவதற்கு முன்பே மூன்று மணி நேர உடல் உழைப்பு முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு உங்கள் உடம்பு ஏழு மணி நேரம்தான் தரும் என்றால், கடைக்கு மிச்சம் நாலு. அந்த நாலோடு எட்டு மணி நேர வேலைக்குப் போனால் வேலை ஒத்துவரவில்லை என்று நினைப்போம். கணக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் நிஜம். ஆகவே ஒரு புது வேலையை எடுத்துக்கொள்ளும்போது வீட்டில் ஒரு வேலையை இறக்கி வைக்க வேண்டும். கிரைண்டரில் கல்லைத் தூக்குவது, ஈரத் துணி வாளியை மாடிக்குக் கொண்டுபோவது, ரேஷன் அரிசி சுமந்து வருவது: இந்த மூன்றும் வேறு யாருக்காவது போக வேண்டும். அறுவடை இல்லாத மாதங்களில் உங்கள் வீட்டுக்காரர் வீட்டில்தானே இருக்கிறார்? சம்பள விஷயம் பேசுவதற்கு முன்னால் இந்த வாளி விஷயத்தைப் பேசுங்கள்.

போய்வருவதும் அப்படித்தான். கும்பகோணம் சாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் போவது தனி வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் உங்களுக்கு பாபநாசத்தில் ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் வண்டி நேரம் ஒத்துவருகிற வேலையாக இருந்தால் ரயிலில் போங்கள். எழலாம், நடக்கலாம், காலை நீட்டலாம்.

இப்போது வேலைகளைப் பற்றி. நம் பக்கத்தில் பெண்களிடம் “வீட்டிலேயே செய்யலாமே” என்று சொல்லப்படுவதில் பாதி, வலி உள்ளவர்களுக்கு ஆகாது. பூக் கட்டுவது லேசாகத் தெரியும், ஆனால் கழுத்தைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும், பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டும், முகூர்த்த நாளென்றால் விடிய விடிய. நிறுத்துகிற உரிமை உங்களிடம் இல்லை, பூவிடம் இருக்கிறது. இட்லி மாவு வியாபாரம் தூக்குவதிலேயே முடியும். வடகம், அப்பளம் கோடையில் சரி, ஐப்பசி கார்த்திகை மழையில் வருமானம் நின்றுவிடும். குனிந்து பிழிவது வேறு.

தையல் பாதிப் பாதி. மிதிக்கிற மெஷினுக்கு மோட்டார் போட்டுவிட்டால் கால் தப்பிக்கும். தைப்பதைவிடத் துணி வெட்டுவதுதான் இடுப்பை உடைக்கிறது, ஏனென்றால் தரையில் விரித்துக் குனிந்து வெட்டுகிறோம். ஒரு மேஜைக்குக் கீழே செங்கல் அடுக்கி, நின்றபடி முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் ஒன்று, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் வருகிற ரவிக்கைகளுக்கு “முடியாது” என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் இதில் இறங்கலாம். உருப்படிக் கணக்குக் கூலியில் யாரும் அதட்ட மாட்டார்கள், நம் ஆசைதான் அதட்டும். அது மேஸ்திரியைவிட மோசம்.

உங்களுக்கு என்று கேட்டால், பி.காம். படிப்பைத் தூசி தட்டச் சொல்வேன். கணக்கு எழுதுகிற டேலி மென்பொருள் மறந்திருந்தால் இரண்டு மாதம் பழகுங்கள், கூடவே ஜிஎஸ்டி. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலையில் எனக்குப் பிடித்தது அதன் தேதிகள். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள், வரிக் கணக்கு 20-ஆம் தேதிக்குள். வருஷ வியாபாரம் 5 கோடி ரூபாய் வரை உள்ள கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்கிற முறையைத் தேர்ந்தெடுக்கலாம், அப்போது நெருக்கடி இன்னும் குறையும். எப்போது வேலை குவியும், எப்போது ஓயும் என்று முன்கூட்டியே தெரிவதால் உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ளலாம். ஐந்தாம் தேதியே பில்களை வாங்கி வைத்துக்கொண்டு தினம் கொஞ்சமாக ஏற்றுவேன். ஒருநாள் முடியாமல் போனால் குடி முழுகாது. என் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை போடுவது, மறுநாள் கிறுகிறுவென்று இருக்கும். அதனால் சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டு ஞாயிறு பேனாவையே தொடுவதில்லை. இந்த மாதிரி வசதி கடையில் கிடைக்குமா?

முதல் வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார் என்றால், உங்களுக்குத் தெரிந்த கடைத்தெருவில்தான். உரக்கடை, மெடிக்கல், ஹார்டுவேர். ஒரே ஒரு கடையில் ஆரம்பியுங்கள், ஆறு மாதம் ஒன்றோடு நிறுத்துங்கள். ஆரம்பத்தில் ஒரு கடைக்கு மாதம் ஆயிரம் கிடைத்தாலே பெரிது, சாப்பாட்டுக்குக் காணாது. அதனால் கூடவே மாலை ட்யூஷன். ஐந்தாம் வகுப்பு வரை எட்டுப் பத்துப் பிள்ளைகள், ஐந்தரையிலிருந்து ஏழரை. உட்காரலாம், நிற்கலாம், நடந்துகொண்டே வாய்ப்பாடு கேட்கலாம். காலையில் இருக்கிற உடம்பு இறுக்கமும் அதற்குள் விட்டுப்போயிருக்கும். உங்கள் மகளும் அங்கேயே உட்கார்ந்து படிப்பாள். எனக்கு ட்யூஷன் ஒத்துவரவில்லை, பிள்ளைகள் சத்தம் ஆகாது. சத்தம் உங்களுக்கும் தலைவலியைக் கொண்டுவந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கடன் வாங்கிச் சொந்தமாக இ-சேவை, ஜெராக்ஸ் கடை போடலாமா என்று கேட்பீர்கள். சுயதொழிலுக்குக் கடனும் மானியமும் தருகிற மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும் என்பது நிஜம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் மானியம் கையில் வராது, மூன்று வருஷம் வங்கியில் டெபாசிட்டாகவே கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும். அதுவரை தவணை கட்ட வேண்டும். தவணை என்பது மோசமான நாளிலும் கடை திறக்கச் சொல்கிற முதலாளி. அளவு தெரிந்து ஒரு வருஷம் ஓடிய பிறகு யோசியுங்கள்.

அடுத்து, வேலை கொடுப்பவரிடம் என்ன சொல்வது. நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது, பயம்தான் வரும். “எனக்கு முதுகு வலி உண்டு சார். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் எழுந்து நின்றால் நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை பார்ப்பேன். ஒரு ஸ்டூல் வேண்டும், மேல் தட்டுச் சேலைக் கட்டு இறக்குவது மட்டும் வேண்டாம்” என்று, என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) இதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் ஒரு வருஷம் நின்றேன். கடைசியில் கேட்டபோது, “ஸ்டூல் போட்டால் கஸ்டமர் என்ன நினைப்பார்கள்?” என்றார்கள். அது பழைய காலம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார்கள். நோயாளிக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். அதனால் ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை, மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். குரல் மாறும்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் 21 வகை இருக்கிறது, நாள்பட்ட வலி என்று தனியாக எதுவும் இல்லை. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். என்னைப் போல மூட்டு மடங்கிப்போனவர்களுக்குக் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் அளந்து தருவார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிற உங்களுக்கு மிகக் கடினம். அலைந்து அலுத்துப்போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஆளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதைவிட உங்களுக்குப் பயன்படுவது இஎஸ்ஐ, அதாவது சம்பளத்தில் சந்தா பிடித்துக் கட்டுகிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ பிடித்திருக்க வேண்டும். சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. நீங்கள் ஆறு வருஷம் இருந்த கடையில் பிடித்தார்களா, சம்பளச் சீட்டைத் தேடிப் பாருங்கள்.

மருந்தைப் பற்றி நான் பேசக் கூடாது, ஆனாலும் ஒன்று. பண்டிகை சீசனைத் தாண்டுவதற்காக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிற பழக்கம் கடைப் பெண்களிடம் நிறைய இருக்கிறது. உங்கள் வகை வலிக்கு அந்த மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதும் இல்லை, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு நன்றாக நிரூபணமான வைத்தியம், மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சி. வாய்க்கால் கரையில் பத்து நிமிஷ நடையில் தொடங்கலாம். வேலை நேரத்தைத் திட்டமிடும்போது இந்த நடைக்கும் இடம் விட்டே திட்டமிடுங்கள், இல்லையென்றால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

தீபாவளிக்குக் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பணத் தேவை எனக்குத் தெரியாதா. சேலைப் பிரிவு வேண்டாம், பில் போடுகிற இடத்தில் பதினொன்றிலிருந்து மூன்று வரை வருகிறேன், மூன்று வாரம் மட்டும், ஸ்டூல் வேண்டும் என்று கேளுங்கள். அந்தச் சமயத்தில் அவர்களுக்கும் ஆள் தட்டுப்பாடு, பில் போடத் தெரிந்த பழைய ஆள் என்றால் பாதி நாளுக்கும் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. முழு நாள்தான், ராத்திரி பத்து மணி வரைதான் என்றால் போகாதீர்கள். ஐப்பசி மழையில் கடைசி பஸ்ஸுக்கு நின்று வீடு வந்து சேர்ந்தால் கார்த்திகை முழுக்கப் பாயில்தான். பில் போடுகிற இடம் எந்த மாடியில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் மாடி என்றால் லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் அதில் ஊழியர்களை ஏற விடுகிறார்களா என்பதையும்.